தேயிலை மலையில் கம்பிச் சுருக்குகள்: பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் தலைமையகங்களைக் கொண்டுள்ள பெருந்தோட்டக் கம்பனிகளின் பணிப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் கழுத்துக் காயங்களால் சில நாட்களில் இறந்துபோனது. அதன் பின்னரும் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களிலிருந்து இதேபோன்ற செய்திகள் வந்தவண்ணம் உள்ளன. சிறுத்தைகள் சாகும் நிலத்தை நிர்வகிப்பவர்கள் என்பதால் இம்மடலை உங்களுக்கே எழுதுகிறேன்.

இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் காணப்படாத உபஇனம். வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. யால, வில்பத்து போன்ற தேசிய பூங்காக்களில் அவற்றுக்குக் காவல் உண்டு. மலையகத்திலோ சிவனொளிபாதமலைக் காட்டுக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் வெளியே சிதறிக் கிடக்கும் சிறுகாடுகளுக்கிடையில் நடமாட அவை உங்கள் தேயிலை மலைகளைத்தான் கடக்கின்றன.

சுருக்கு பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுவது. பழைய கிளச் கேபிளையோ பிரேக் கம்பியையோ வளையமாக்கி, வேலியிலுள்ள சந்தில் தொங்கவிட்டு, மறுமுனையை மரத்தூரில் கட்டிவிடுவார்கள். சிறுத்தை அதற்குள் நுழைந்தால் பல வேளைகளில் வளையம் இடுப்பில் இறுகும். விடுபட இழுக்க இழுக்க மேலும் இறுகும். மயக்க ஊசி போடக்கூடிய கால்நடை வைத்தியர் ரந்தெனிகலையிலிருந்து மலையேறி வந்துசேர்வதற்குள் மணிக்கணக்காகிவிடும். வெளியே சிறு கீறலாகத் தெரிவது உள்ளே குடலும் சிறுநீரகமும் நசுங்கிய காயமாக இருப்பதுண்டு. அவிழ்த்துவிடப்பட்ட விலங்கும் பின்னர் இறந்துபோகலாம்.

சுருக்கு வைத்தவரைப் பிடித்துக் கொடுத்தால் போதும் என்று நீங்கள் எண்ணக்கூடும். இறைச்சி விற்கவே பொறி வைப்பவர்களைச் சட்டம் தண்டிக்கட்டும். ஆனால் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போஞ்சியும் உருளைக்கிழங்கும் போட்டு, ஒரே இரவில் அத்தனையையும் பன்றிக்குப் பறிகொடுக்கும் குடும்பத்துக்கு வேலியடிக்க வழி செய்யாமல் வெறும் எச்சரிக்கைப் பலகை நடுவது நியாயமாகாது. விடியற்காலையில் கொழுந்து மலைக்கு ஏறும் பெண்களின் அச்சமும் உண்மையானது. சிறுத்தை தாக்கிக் காயமடைந்தவர்கள் அவர்களிடையே இருக்கிறார்கள்.

ஆகவே மரக்கறிப் பாத்திகளுக்கு வேலியமைக்கும் செலவைக் கம்பனிகள் ஏற்கவேண்டும். மலையை நன்கறிந்த தொழிலாளர்களைக் கொண்டு மாதந்தோறும் சுருக்குகளைத் தேடி அகற்றச் செய்து, அந்த நாளுக்கு அவர்களுக்கு முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், போடவேண்டும். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கம் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் ஒவ்வொரு பிரட்டுக்களத்திலும் தமிழில் எழுதப்பட்டிருக்கவேண்டும். ஓடைக்கரைக் காடுகளை விறகுக்காகவோ புதிய பயிருக்காகவோ வெட்டக்கூடாது. பகலில் சிறுத்தை ஒதுங்குமிடம் அதுதான்.

உங்களில் பலருடைய தேயிலை ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் என்ற சான்றளிப்பு அமைப்பின் பச்சைத் தவளைச் சின்னத்துடன் வெளிநாடுகளில் விற்பனையாகிறது. அச்சின்னத்துக்கான நிபந்தனைகளில் வனவிலங்குப் பாதுகாப்பும் அடங்கும். எந்தத் தோட்டத்தில் எத்தனை சுருக்குகள் அகற்றப்பட்டன, எத்தனை சிறுத்தைகள் இறந்தன என்பதை இவ்வாண்டு முதல் உங்கள் ஆண்டறிக்கையில் தோட்டவாரியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மலையகத்தில் பிறந்து வெள்ளவத்தையில் வசிக்கும் ஒருவர்