கார்லைல் விரிகுடாவில் குளிக்கப் போகிறவர்கள் காற்றைப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 ஜூன் 29 அன்று இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்ற கென்சிங்டன் ஓவல், பார்படோஸ் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் இருக்கிறது. கிரிக்கெட்டுக்காக அங்கே போகும் நம்மவர்கள் ஊரை ஒட்டிய கார்லைல் விரிகுடாவில் ஒரு குளியல் போடாமல் திரும்புவதில்லை. பயணக் கட்டுரைகளும் 'அலையே இல்லாத கடல், நீச்சல் தெரியாதவர்களும் இறங்கலாம்' என்ற தொனியில்தான் எழுதுகின்றன. அலை இல்லை என்பது சரி. ஆபத்து இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது.

பிரிட்ஜ்டவுனும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வடக்கே 13 பாகையில் உள்ளன. வெயிலின் கடுமை ஒன்றுதான், கடல்தான் வேறு. பார்படோஸில் ஆண்டின் பெரும்பகுதி கொண்டல் காற்று, அதாவது கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும் காற்று. தீவின் கிழக்குக் கரையான பாத்ஷெபாவில் அட்லாண்டிக் அலை நேராக வந்து மோதும். அங்கே குளிக்க இறங்கக் கூடாது. கார்லைல் விரிகுடா தென்மேற்கு மூலையில் மேற்கு நோக்கி இருப்பதால் நிலம் மறைத்துக்கொள்கிறது, தண்ணீர் குளம்போலக் கிடக்கிறது.

அந்த அமைதிக்குக் காரணமான காற்றே ஆபத்துக்கும் காரணம். அது கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறது. மெரினாவில் சாயங்காலம் பந்து தண்ணீரில் விழுந்தால் கடற்காற்றும் அலையும் சேர்ந்து திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிடும். கார்லைல் விரிகுடாவில் அது கையெட்டும் தூரத்தில் மிதந்து, ஒரு எட்டு வைத்தால் இரண்டு எட்டு தள்ளிப் போகும். துரத்திக்கொண்டு போகிற பிள்ளைக்குக் கழுத்தளவு ஆழம் வந்ததே தெரியாது. காற்றடைத்த மெத்தை, ரப்பர் வளையம், நின்றபடி துடுப்பு போடும் பலகை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கரையோரம் கட்டடங்களும் மரங்களும் காற்றைத் தடுப்பதால் ஒன்றும் தெரியாது. நங்கூரமிட்ட படகுகளைத் தாண்டியதும் காற்றின் வேகம் கூடும். அதற்கப்பால் திறந்த கரீபியக் கடல்தான்.

ஆகவே காற்றடைத்த சாமான்களைக் கடலுக்குள் கொண்டுபோகவே வேண்டாம். பலகை வாடகைக்கு எடுத்தால் கணுக்காலில் கட்டும் கயிறு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கரைக்கு இணையாக மட்டும் போங்கள். காற்று தள்ளுகிறது என்று தோன்றினால் உடனே மண்டியிட்டு அல்லது குப்புறப் படுத்துத் துடுப்பு போடுங்கள். நிற்கிற உடம்பு பாய்மரமாக வேலை செய்யும். திரும்ப முடியாவிட்டால் பலகையை விட்டு நீந்தாதீர்கள், அதைப் பற்றிக்கொண்டு ஒரு கையை உயர்த்தி ஆட்டுங்கள். மிதக்கும் பலகை படகுக்காரர் கண்ணில் படும். தலை மட்டும் தெரிந்தால் படாது.

இரண்டாவது ஆபத்து படகுகளே. ஆமைகளையும் மூழ்கிய கப்பல்களையும் காட்டும் கட்டமரான் படகுகள் உள்ளே வந்துபோகும், ஜெட் ஸ்கீ ஓடும். மிதவைகள் கட்டிய குளிக்கும் பகுதியை விட்டு வெளியே போகாதீர்கள். 1919இல் மூழ்கிய 'பெர்வின்' என்ற இழுவைப் படகு ஆழம் குறைந்த இடத்தில் கிடப்பதால், முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மேலிருந்தே பார்த்துவிடலாம். இருந்தாலும் தனியாக நீந்திப் போக வேண்டாம்; பளிச்சென்ற நிறத்தில் மிதவை உடுப்பு அணிந்து வழிகாட்டியோடு போங்கள். கப்பலின் இரும்பைத் தொடாதீர்கள்: துரு கையைக் கிழிக்கும், இடுக்குகளில் நீண்ட முள்ளுள்ள கடல் முள்ளெலிகள் இருக்கும். ஆமைக்கு மேலாக மிதந்து நிற்காதீர்கள், மூச்சு வாங்க அது மேலே வந்தாக வேண்டும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை சில நாட்கள் வட அட்லாண்டிக்கின் நீண்ட அலைகள் தீவைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கமும் வரும். தண்ணீர் கலங்கிவிடும். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் கரையிலேயே இருங்கள். புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. அந்த உலகக் கோப்பை வென்ற அணியே பெரில் புயலால் சில நாட்கள் அங்கேயே தங்க நேர்ந்தது.

கடற்கரைகள் எல்லாம் பொதுமக்களுக்கானவை, கட்டணம் இல்லை. நகர மையத்திலிருந்து பே ஸ்ட்ரீட் வழியே தெற்கே கால் மணி நேரம் நடந்தால் பிரவுன்ஸ் பீச். தென்கோடியில் பெபிள்ஸ் பீச். அங்கே விடியற்காலையில் கேரிசன் என்ற பந்தயத் திடலின் குதிரைகளைக் கடலில் குளிப்பாட்டுவார்கள். கழுத்து வரை இறங்கிய குதிரை மூக்கை மட்டும் உயர்த்திச் சீறிக்கொண்டே நீந்தும். உள்ளூர்க்காரர்கள் குளிப்பதும் அந்த நேரத்தில்தான். சொகுசுக் கப்பல் வந்த நாளில் முற்பகலில் கூட்டம் நெரியும், விடியற்காலையே நல்லது. சூரியன் ஆண்டு முழுதும் மாலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் மறைந்துவிடும்.

நாற்காலி, குடை வாடகை பேசும்போது எந்த டாலர் என்று முதலிலேயே கேளுங்கள். ஒரு அமெரிக்க டாலர் இரண்டு பார்படோஸ் டாலர்; கேட்காவிட்டால் இரட்டிப்பாகக் கொடுக்க நேரும். உப்பு ரொட்டிக்குள் பொரித்த மீன் வைத்துத் தரும் 'கட்டர்' சாப்பிட வேண்டியது. மஞ்சள் நிற மிளகாய்ச் சாறு நம் நாக்குக்கே உறைக்கும், கொஞ்சமாக ஊற்றச் சொல்லுங்கள்.

நிழலுக்கு ஒதுங்கும் மரத்தைக் கவனியுங்கள். மான்சினீல் என்ற மரம் தீவின் கடலோரங்களில் உண்டு. சிறிய பச்சை ஆப்பிள் போன்ற அதன் காய் கடும் விஷம், பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழையில் அதன் அடியில் நின்றால் சொட்டும் நீரே போதும். சிவப்புப் பட்டையோ எச்சரிக்கைப் பலகையோ பெரும்பாலும் இருக்கும். எல்லா மரத்திலும் இருக்கும் என்று நம்பக் கூடாது.

ராணுவ உடை போன்ற திட்டுத்திட்டான பச்சைத் துணி அங்கே குழந்தைகளுக்குக்கூடத் தடை. அமெரிக்கா வழியாகப் போகிறவர்கள் விமானம் மாற மட்டுமே இறங்கினாலும் அந்நாட்டு விசா தேவை. ஆம்புலன்ஸ் எண் 511, போலீஸ் 211.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சென்னை