குவாந்தான் நண்பனுக்கு, பந்திங்கிலிருந்து

அன்புள்ள முனியாண்டி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டு வலிக்கு நீ சொன்ன எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தேன். வாசனை பிரமாதம், வலி அப்படியேதான் இருக்கிறது. நம் தோட்டத்தில் மிச்சம் நின்ற பால்மரங்களையும் சாய்த்துச் செம்பனை போட்டுவிட்டார்கள். பிரட்டுக்களத்தில் இப்போது லாரி நிற்கிறது. கோயில் மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள், கையில் ஒரு மைக்ரோஸ்கோப்போடு. ஞாயிற்றுக்கிழமை மோரிப் கடற்கரைக்குப் போகலாம் தாத்தா என்றாள். 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து இறங்கி, வண்டியெல்லாம் சேற்றில் புதைந்துகொண்டதே, அதே மோரிப்தான். நாசி லெமாக் கிடைக்கும் என்று நம்பிப் போனேன். அவளோ தண்ணீர் வற்றியதும் ஒரு மைலோ டின் நிறைய மணலை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அந்த மணலில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் குலுக்கினாள். உப்பில்லாத தண்ணீர் பட்டால் மணலைப் பற்றியிருக்கும் பூச்சியெல்லாம் பிடியை விட்டுவிடுமாம். கலங்கல் தண்ணீரை வடிகட்ட என் வேட்டியைக் கேட்டாள். கொடுக்கவில்லை. அப்புறம் அவளே கொண்டு வந்திருந்த பொடிச் சல்லடையை எடுத்தாள்.

குனிந்து பார்த்தேன். நூல் மாதிரி ஒரு புழு, சாட்டையைச் சொடுக்கினாற்போல் துள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குட்டி இறால் போல இன்னொன்று. நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கண், வாலோரம் முட்டைப் பை. எல்லாமே 1 மில்லிமீட்டருக்கும் சிறியவை. கோப்பி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை எனக்கு.

பிறகுதான் புதிரைச் சொன்னாள். நண்டுக்கும் சிப்பிக்கும் குஞ்சாக இருக்கையில் கடலில் மிதந்து திரிகிற பருவம் ஒன்று உண்டு. ஊர் விட்டு ஊர் போவது அப்போதுதான். மணலுக்குள் வாழும் இந்தப் பொடிசுகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒரு பருவமே கிடையாது. மணலிலேயே முட்டை, மணலிலேயே சாவு. சில வகை வாலில் பசை சுரந்து மணலோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அப்படியிருந்தும் பெருங்கடலுக்கு இரண்டு கரையிலும் ஒரே மாதிரியானவை இருக்கின்றன. எப்படிப் போயிருக்கும்?

நம் தாத்தா ரஜூலா கப்பலில் வந்த மாதிரி இவையும் கப்பலேறித்தான் என்பாய். பாதி சரி. அந்தக் காலக் கப்பல்கள் சரக்கில்லாதபோது ஆடாமலிருக்கப் பாரமாக மணலும் கல்லும் ஏற்றிப்போய் வேறு துறையில் கொட்டின. பிறகு அதற்குப் பதில் கடல்நீர். அந்த நீரைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் அமலுக்கு வந்ததே 2017-இல்தான். ஆனால் தாத்தாவோடு ஒப்பிடாதே. அவர் திரும்பிப் போகிற நினைப்போடு வந்தவர். தவிர, கப்பல் என்ற ஒன்று வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இவை கடலில் இருக்கின்றன.

வேறு வழிகளும் உண்டாம். அலை மணலைக் கிளறும்போது இவை மேலே எழும்பி, நீரோட்டம் இழுத்த இழுப்புக்குக் கொஞ்ச தூரம் போய் விழும். மிதக்கும் பாசியிலும் மரக்கட்டையிலும் தொற்றிக்கொள்ளும். 2011 சுனாமியில் ஜப்பானிலிருந்து அடித்துப்போன படகுத்துறை ஒன்று மறு வருஷம் அமெரிக்காவில் ஓரிகன் கரையில் ஒதுங்கியது. அப்படி ஒதுங்கிய சாமான்களில் உயிரோடு வந்து சேர்ந்த ஜப்பானிய உயிரினங்கள், பெரிதும் சிறிதுமாக, கிட்டத்தட்ட 300 வகை.

எனக்குப் பிடித்தது ஆமைதான். ஃபுளோரிடாவில் முட்டையிடக் கரையேறிய பெருந்தலை ஆமைகளின் முதுகைச் சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒரே முதுகில் இந்தப் பொடிசுகள் 100,000-க்கும் மேல்! ஆமைக்கு அந்தப் பாரம் தெரிந்திருக்குமா என்ன?

ஒரு சிக்கலும் உண்டு. மரபணுவைச் சோதித்தால், ஒரே வகை என்று நினைத்திருந்தது சில சமயம் பார்வைக்கு ஒத்திருக்கும் நாலைந்து வகையாகப் பிரிந்துவிடுகிறதாம். அப்படியானால் அவ்வளவு தூரம் எதுவும் போகவே இல்லை என்றுகூட ஆகலாம். ஆமைக் கதை பொய்யாகிவிடக் கூடாதே என்று எனக்குக் கவலை. பேத்தி சிரிக்கிறாள்.

தீபாவளிக்கு வருவாய் அல்லவா? உங்கள் ஊர் தெலுக் செம்பெடாக் கடற்கரையிலிருந்து ஒரு டின் ஈர மணல் கொண்டு வா, அவள் கேட்கிறாள். நம் பக்கச் சேற்றோடு வைத்துப் பார்க்க வேண்டுமாம். அங்கே மழைக்காலம் பிடிப்பதற்குள் எடுத்துவிடு. காரில் வெயில் படாமல் வை, மூடியை இறுக்கிவிடாதே. எண்ணெய் மட்டும் இனி வேண்டாம்.

அன்புடன்,
ராமையா