ஓரக்கட்டத்திலிருந்து அவரை வெளியே எடுங்கள்

கணினி அறிவியல் பாடநூல்களை எழுதும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நிரல் எழுதுவதையே பிழைப்பாகக் கொண்டவள் நான். மார்கரெட் ஹாமில்டனை உங்கள் நூல்களில் எந்த இடத்தில் வைக்கிறீர்கள் என்பது பற்றித்தான் இந்த மடல்.

பெரும்பாலும் முதல் அத்தியாயத்தின் ஓரத்தில் ஒரு கட்டம். தன் உயரத்துக்கு அடுக்கிய நிரல் அச்சுப்பிரதிகளின் அருகே அவர் நிற்கும் 1969ஆம் ஆண்டுப் படம். கீழே இரண்டு வரி: நிலவுப் பயணத்துக்கு மென்பொருள் செய்தவர், 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயரைப் பரப்பியவர். பக்கத்தைப் புரட்டினால் அதோடு சரி. அவர் இருக்க வேண்டியது பிழை கையாளுதல் பற்றிய அத்தியாயத்தில் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் கருவியியல் ஆய்வகத்தில், நிலவுக்கு மனிதரை அனுப்பும் அப்பல்லோ திட்டத்தின் வேலை நடந்துகொண்டிருந்த காலம். இரவிலும் வார இறுதியிலும் தன் சிறு மகள் லாரனையும் அவர் ஆய்வகத்துக்கு அழைத்துப் போவார். விண்வெளி வீரர்களைப் போல விளையாடிய அந்தக் குழந்தை, பயிற்சிக் கருவியில் 'பறந்துகொண்டிருந்தபோது' எதையோ அழுத்தி, ஏவுதலுக்கு முன்பு மட்டுமே ஓட வேண்டிய பி01 நிரலைக் கிளப்பிவிட்டது. எல்லாம் நின்றுபோனது. வீரர் ஒருவர் இதையே செய்தால் என்னாகும் என்று ஹாமில்டன் யோசித்தார். தடுக்கும் நிரலைச் சேர்க்க அனுமதி கேட்டார். வீரர்கள் தவறே செய்யாதபடி பயிற்சி பெற்றவர்கள், அது தேவையில்லை என்று மேலிடத்தில் மறுத்துவிட்டார்கள். பறக்கும்போது பி01-ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று ஆவணத்தில் ஒரு குறிப்பு எழுதுவதோடு அவர் நிற்க வேண்டியிருந்தது.

1968 டிசம்பர், அப்பல்லோ 8. நிலவைச் சுற்றித் திரும்பும் வழியில் விண்வெளி வீரர் ஜிம் லவெல் கைதவறி அதே பி01-ஐத் தேர்ந்தெடுத்தார். விண்கலம் எந்தத் திசையில் இருக்கிறது என்ற கணக்கே கலைந்துபோனது. மீட்டுவிட்டார்கள். ஹாமில்டன் கேட்ட தடுப்பு அதன் பிறகுதான் நிரலுக்குள் போனது.

இந்த ஒரு நிகழ்வில் எத்தனை பாடம் இருக்கிறது பாருங்கள்! என் முதல் வேலையில், ஒரு திரையில் தவறான தேதி வந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். "பயனர் அப்படிச் செய்ய மாட்டார்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள். ஹாமில்டனின் கதை அன்று எனக்குத் தெரிந்திருந்தால் இன்னொரு முறை கேட்டிருப்பேன்.

1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 தரையிறங்கச் சில நிமிடங்களே இருக்கையில் வந்த, கணினிக்கு வேலைப்பளு மிஞ்சிவிட்டது என்று சொல்லும் 1202 எச்சரிக்கையையும் விரிவாக எழுதுங்கள். அப்போது தேவைப்படாத ஒரு ராடார் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. மென்பொருளோ முக்கியமில்லாத வேலைகளை உதறிவிட்டு, தரையிறக்கத்துக்கு வேண்டியவற்றை மட்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டது. அழித்தெழுதக்கூடிய நினைவகம் வெறும் 2,048 'சொற்கள்' (நினைவகத்தின் அலகுகள்) கொண்ட கணினி அது! ஆனால் அவர் தனியாளாகச் செய்ததாக எழுதிவிடாதீர்கள். முன்னுரிமைப்படி வேலைகளை ஓட்டும் அமைப்பு அதே ஆய்வகத்தின் ஹால் லேனிங் வடிவமைத்தது; நிரலைச் செப்புக் கம்பிகளாக நினைவகத்தில் கோத்தவர்கள் ஆலைப் பெண்கள். ஹாமில்டன் வழிநடத்தியது ஒரு குழுவை. வீரரின் வழக்கமான திரையை இடைமறித்து ஆபத்தைச் சொல்லும் காட்சிமுறை அவருடையது.

முன்கதையும் கொஞ்சம் வேண்டும். 1936இல் இண்டியானாவில் பிறந்தவர், 1958இல் எர்ல்ஹாம் கல்லூரியில் கணிதப் பட்டம் பெற்றவர். எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லோரன்ஸின் வானிலை ஆய்வுக்கு நிரல் எழுதியபடிதான் இந்தத் தொழிலைக் கற்றார். அப்போது இதைச் சொல்லித்தரப் படிப்பே இல்லை. 'மென்பொருள் பொறியியல்' என்று அவர் சொல்லத் தொடங்கியபோது உடனிருந்தவர்கள் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். வன்பொருளுக்குக் கிடைத்த மதிப்பு தன் வேலைக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1976இல் சேடீன் செல்டினோடும் 1986இல் தனியாகவும் நிறுவனம் தொடங்கி, பிழையை வடிவமைப்பிலேயே தடுக்கும் வழிகளைத் தேடினார். அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் 2016இல்தான் வந்தது.

அடுத்த பதிப்பில் பி01 நிகழ்வை ஒரு பயிற்சியாகக் கொடுங்கள். லவெலின் விரல் அந்த விசைக்குப் போகும் நொடி வரை சொல்லி நிறுத்திவிட்டு, தடுப்பு நிரலை மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

மதிப்புடன்,
ஒரு நிரலாளர்