கவாத்து செய்துவிட்டேன், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

கிளெமாடிஸ் கொடியை நேற்று தரையிலிருந்து ஓர் அடி மட்டும் விட்டு வெட்டிவிட்டேன். அதன்மேல் கத்தி படக்கூடாது என்று நீங்கள் சொல்லிச் சென்றதை மறந்து செய்த காரியமல்ல. குளிர்காலம் முடிந்து கணுக்கள் தடிக்கும் இந்த வேளையை விட்டால் இன்னும் ஓராண்டு போய்விடும். மன்னித்துவிடுங்கள். ஆனால் நம்முடையது ஜாக்மேனி என்ற கிளெமாடிஸ் வகை. 1858இல் இங்கிலாந்தின் வோக்கிங்கில் உருவான இந்தக் கலப்பினம், அந்தந்த ஆண்டு துளிர்க்கும் புதுத் தண்டில்தான் பூக்கும். வெட்டாமல் விட்டதால் அடிப்பகுதி வெறும் குச்சியாகி, பூவெல்லாம் கைக்கெட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டது. பழைய தண்டில் பூக்கும் மொன்டானா என்ற வகையாக இருந்தால் நானும் தொட்டிருக்க மாட்டேன்.

வெட்டும்போது, வாடல் நோய் கண்ட அந்தக் காலைதான் நினைவில் நின்றது. முந்தின மாலை வரை விரியக் காத்திருந்த மொட்டுகள் ஒரே இரவில் தலை தொங்கி, இலைகள் கறுத்திருந்தன. நான் தண்ணீரோடு ஓடிவந்தேன். நீங்கள் வாளியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தண்டைத் தடவித் தடவிப் பார்த்து, பூஞ்சை ஏறியதையெல்லாம் மண்மட்டத்தோடு அறுத்தெறிந்தீர்கள். நட்ட அன்று, தொட்டியில் இருந்ததைவிட மூன்று அங்குலம் ஆழமாகப் புதைக்க வேண்டும் என்று நீங்கள் பிடித்த பிடிவாதம்தான் அதைக் காப்பாற்றியது; மண்ணுக்குள்ளிருந்த கணுக்கள் மறுபடி துளிர்த்தன. அந்தத் துளிரைக் காட்ட என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பினீர்கள். உங்களை அவ்வளவு மகிழ்ச்சியாக அதற்குப்பின் நான் பார்த்ததில்லை.

மறுபடி கத்தியெடுக்க நீங்கள் அஞ்சியது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கேட்கிறேன்: வேர் சூடேறாமல் மூடாக்குப் போட்டது யார்? இலைக்காம்புகள் சுற்றிப் பிடிப்பதற்கு மெல்லிய கம்பி வேண்டுமென்று சுவரெங்கும் வலை கட்டியது யார்? தொலைபேசியில் கொடியை விசாரித்த அளவுக்கு நீங்கள் என்னை விசாரித்ததில்லை. நீங்கள் வீட்டைவிட்டுச் சென்ற காரணத்தை, உறவினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் முடிவு சரி என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

இனி வரும் தண்டுகள் கை பட்டாலே ஒடியக்கூடியவை. அவற்றைப் பிரித்துப் பிரித்து வலையில் கட்டிவிட இரண்டு பேர் வேண்டும். ஊதாப் பூக்கள் வருவதற்குக் கோடை நடுவாகிவிடும். நீங்கள் அதற்கு முன்பே, இந்த வேலை இருக்கும்போதே வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி