கண் யாருடைய சொல்?

அன்பு மகளுக்கு,

'கண்' வடமொழியிலிருந்து வந்த சொல் என்று உன்னோடு கண் மருத்துவம் படிக்கும் பெண் அடித்துச் சொன்னாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்று வருத்தப்பட்டாயே. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

அது நம் சொல்தான் அம்மா. ஆனால் நமக்கு மட்டும் சொந்தமில்லை. மலையாளத்திலும் கன்னடத்திலும் கண், தெலுங்கில் கன்னு. பக்கத்து மொழிகள்தானே, ஒன்றிடம் ஒன்று வாங்கியிருக்கும் என்று அவள் சொல்லலாம். அப்படியானால் பலூசிஸ்தானம் வரை போய்ப் பார்க்கச் சொல். அங்கே பிராகுயி என்ற திராவிட மொழி பேசுகிறவர்களுக்கும் அது ஏறக்குறைய 'ஃகன்'. முதல் ஒலி மட்டும் தொண்டையில் உரசிக்கொண்டு வரும். நம் 'கல்' அவர்களிடம் 'ஃகல்' ஆவதும் இதே வழியில்தான். ஒலி இப்படி ஒழுங்கு பிடித்து மாறுவதைத்தான் மொழியியலார் உறவுக்குச் சான்றாகக் கொள்கிறார்கள். பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியிலும் இவையெல்லாம் ஒரே வேரின் கீழ் இருக்கின்றன. வடமொழியில் கண்ணுக்கு அக்ஷி, நேத்திரம், நயனம் என்று வேறு சொற்கள் உண்டு. பின்னவை இரண்டும் 'நடத்திச் செல்' என்ற வேரிலிருந்து வந்தவை. நம் கண்ணுக்கோ 'காண்' உறவு. 'கண்டேன்' என்னும்போது அந்தக் குறில் அப்படியே வந்து நிற்கிறது பார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, பார்வையே இல்லாத இடங்களுக்கும் இந்தச் சொல் போய்ச் சேர்ந்திருப்பது. நீர் பீறிடும் துளை ஊற்றுக்கண். மயில் தோகையில் இருப்பதும் கண். பறையில் அடி விழும் வட்டமும் கண்தான். புறநானூற்றில் 'தெண்கண்' என்று வரும், தெளிந்த ஓசை எழுப்பும் கண். பழந்தமிழில் ஏழாம் வேற்றுமை உருபும் இதே வடிவம்தான். 'அதனை அவன்கண் விடல்' என்ற குறளில் 'அவன்கண்' என்றால் அவனிடம்.

உன் படிப்புக்கு நெருக்கமான சொல் ஒன்று இருக்கிறது: கண்ணோட்டம். இன்று பத்திரிகைகளில் 'அரசியல் கண்ணோட்டம்', 'பெண்ணியக் கண்ணோட்டம்' என்று பார்க்கும் கோணத்துக்கு எழுதுகிறார்கள். அது தவறில்லை, வழக்கு அப்படி நகர்ந்துவிட்டது. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே இந்தப் பெயரை வைத்தபோது அதற்கு இரக்கம் என்று பொருள். எதிரில் நிற்பவர் துன்பத்தின்மேல் கண் ஓடி, மனம் இளகுவது. 'கண்ணிற்கு அணிகலம் கண்ணோட்டம் அஃதின்றேல் புண்ணென்று உணரப் படும்' என்கிறார். இரக்கமில்லாத கண்ணை இந்தக் குறளில் அவர் குருடு என்று சொல்லவில்லை. எல்லாம் பார்க்கும் கண்ணைத்தான் புண் என்கிறார். எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

இந்தக் குறளை அந்தப் பெண்ணுக்கும் எழுதிக் காட்டு. பொருள் சொல்லும்போது மட்டும் 'பார்வைக் கோணம்' என்று சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா