எனக்காக வாசித்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

முதுகலை ஆசிரியர் பணி நியமன ஆணை கைக்கு வந்துவிட்டது. பாடம் வரலாறு. தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. எனக்குப் பார்வை கிடையாது. ஆணையை என் கைபேசியே வாசித்துச் சொன்னது. அம்மாவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் எந்தக் காகிதத்தையும் ஓர் ஆள் வாசித்தால்தான் அது செல்லும். அப்படி எனக்காக வாசித்த, எழுதிய ஆட்களுக்குத்தான் இந்த மடல். தனித்தனியே எழுதலாம் என்றால் பாதிப் பேருக்கு முகவரி கிடையாது, சிலருக்குப் பெயரே தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் மதுரையில் என்னைப் பார்த்த கண் டாக்டர் அம்மாவுக்கு. எனக்கு இருப்பது மாலைக்கண் என்றுதான் ஊரே நம்பியது. பொழுது சாய்ந்தால் வாசற்படி தட்டும், கட்டில் கால் இடிக்கும். பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல் என்று வாரம் தவறாமல் உள்ளே போனது. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது சரியான பக்குவம்தான். எனக்கு இருந்ததோ ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். இரவுப் பார்வை முதலில் போகும். பிறகு ஓரங்கள் சுருங்கி, குழாய் வழியே பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். பலருக்குக் கடைசியில் அதுவும் போய்விடும். பரம்பரையாக வருவது, சொந்தத்தில் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். என் அம்மா அப்பாவுக்கு மாமன் மகள். டாக்டர் எதையும் மூடி மறைக்கவில்லை. "இதுக்கு மருந்து இல்லைய்யா. ஆனா படிக்க வழி இருக்கு. பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அப்பா காதில் வாங்க இரண்டு வருஷம் ஆயிற்று.

அந்த இரண்டு வருஷமும் உள்ளூர்ப் பள்ளியில் என்னைக் காப்பாற்றியவன் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன். கரும்பலகையில் இருப்பதை உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே தானும் எழுதுவான். வகுப்பில் பேசினான் என்று அவனுக்குத்தான் அடி விழும். அவன் பேசியதெல்லாம் என் கணக்கு. லே மக்கா, இப்போது கோவில்பட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். உன் முழங்கையில் பிரம்பு பட்ட சத்தம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புக்குப் பாளையங்கோட்டை வந்தேன். ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய, நூறு வருஷம் தாண்டிய பார்வையற்றோர் பள்ளி. விடுதியில் முதல் ராத்திரியே ஒரு குரல் கேட்டது: "டோட்டலா, பார்ஷியலா?" பார்வை முழுசாகவே இல்லையா, கொஞ்சம் இருக்கிறதா என்று அர்த்தம். எங்கள் ஆட்களுக்குள் பேர், ஊர் எல்லாம் அதற்குப் பிறகுதான். "பார்ஷியல்" என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே. பார்ஷியல் என்றால் விடுதியில் ஒரு பதவி. நாலு பேர் தோளில் கை வைத்துப் பின்னால் வருவார்கள், பஸ் நம்பர் பார்த்துச் சொல்லலாம், கடைக்குக் கூட்டிப் போகலாம். பகலில் நடுவில் மிஞ்சியிருந்த அந்தத் துளிப் பார்வையை வைத்து நானும் இரண்டு வருஷம் தலைவனாக ஓட்டினேன். பதினொன்றாம் வகுப்பில் பஸ் நம்பர் தெரியவில்லை. அதன் பிறகு பஸ்ஸே தெரியவில்லை. அந்த வருஷம் புதிதாக வந்த ஒரு பொடியன் அதே கேள்வியைக் கேட்டான். "டோட்டல்" என்று வாயில் வந்துவிட்டது. அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில்கூட. அந்தப் பயல் ஒரு நொடிகூட வருத்தப்படவில்லை. "அப்ப நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்ஷியல் எவனையாவது பிடிப்போம்ணே, கேன்டீன் மூடிருவான்" என்றான். தம்பி, அன்றைக்கு நீ பிடித்துக்கொடுத்த ஆள் தந்த பருத்திப்பால் உட்பட எல்லாவற்றுக்கும் நன்றி.

விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்லைச் சொல்லிக்கொடுத்த சார் பார்வையில்லாதவர். பத்து வயதுக்குள் பழகிய விரல் பறக்கும். எனக்கு விரல் காய்த்த பிறகு வந்த படிப்பு. ஸ்லேட் என்ற கட்டம் போட்ட சட்டத்தில் தாளை மாட்டி, ஸ்டைலஸ் என்ற ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் புடைத்து இடமிருந்து வலமாக வாசிக்க வரும். குத்தும்போது எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழ். இத்தனைக்கும் தமிழுக்கு அது வாகானது. கண் வைத்துப் படிப்பவர்கள் 'கொ' எழுத ஒற்றைக்கொம்பை முன்னால் போட்டுக் காலைப் பின்னால் போடுகிறார்கள். நாங்கள் ககரத்தைக் குத்தி ஒகரத்தைக் குத்தினால் வேலை முடிந்தது. 247 எழுத்துக்கும் 247 உரு தேவையில்லை. ஆனால் ரகரம் றகரத்தில் சார் ஈவு இரக்கம் பார்க்க மாட்டார். "கேசட்டுல கேட்டுப் படிக்கிறவனுக்கு ர, ற ரெண்டும் ஒண்ணுதாம்ல. விரலால படிச்சாத்தான் பிழை இல்லாம எழுதுவ" என்பார். நாளைக்கு நான் பிள்ளைகளிடம் இதையே சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன்.

பிரெய்ல் தாள் விலை கூடுதல். ஜனவரி பிறந்ததும் போன வருஷத்து மாதக் காலண்டர் தாள்களைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்து கொடுத்த மார்க்கெட் பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு ஒரு தனிக் கும்பிடு. வழவழப்பான கனத்த தாள், குத்தினால் கிழியாது. என் பிளஸ் டூ வரலாற்றுக் குறிப்பு முழுவதும் முருகனுக்கும் லட்சுமிக்கும் முதுகில்தான் இருந்தது.

அரசுத் தேர்வில் சொல்வதை எழுத ஒரு டீச்சர் வந்தார்கள். கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு, தனி அறை. நான் சொன்னதை எழுதினார்கள், எழுதியதைத் திரும்ப வாசித்தார்கள், நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தினார்கள். 'இப்படிப் போட்டா மார்க் கூடுமே' என்று ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. அந்த மார்க் என்னுடையது என்று நான் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடிவது அவர்களால்தான். கல்லூரியில் இப்படி எழுதித்தரும் ஸ்க்ரைபை நாங்களே தேடிக்கொள்ள வேண்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தேர்வன்று போனை அணைத்தவர்கள் உண்டு. பாவம் என்று நினைத்து என் பதிலைத் தங்கள் பதிலாகத் திருத்தி எழுதியவர்களும் உண்டு. உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. இன்னொரு பிள்ளைக்கு அதைச் செய்யாதீர்கள்.

சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துத் தரைத்தளத்தில் பிரெய்ல் பகுதி இருக்கிறது. அங்கே பழக்கமான ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சனிக்கிழமைகளில் எனக்கு வரலாறு வாசித்தார். வாசிப்பார் என்பதைவிட நூலோடு சண்டை போடுவார் என்பதே சரி. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியைப் படித்துவிட்டு, "அப்புறம் என்னத்துக்குய்யா 1857தான் முதல் சுதந்திரப் போர்னு எழுதுறான்?" என்று மேசையைத் தட்டுவார். நூலகர் வந்து அடக்குவார். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் 150 கேள்விகளில் பலவற்றுக்கு அவர் குரலில்தான் பதில் வந்தது, நடுநடுவே அவர் இருமலோடு. ஐயா, நான் வரலாற்று ஆசிரியர் ஆனதற்கு நீங்கள்தான் காரணம்.

முகம் தெரியாத இன்னும் சிலர். கணினித் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளைத் தொடங்கிய இரண்டு ஆஸ்திரேலியர்களும் பார்வையற்றவர்கள். 2006இல் தொடங்கியது, இன்றுவரை இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்கப் பாடல்களைத் தட்டச்சு செய்துகொடுத்தவர்களுக்கும், எந்தக் கணினியும் வாசிக்கக்கூடிய பொதுக் குறியீடான யுனிகோடில் தமிழை ஏற்றும் ஒவ்வொருவருக்கும் நன்றி. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் மாட்டிய பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்று வர வேண்டிய இடத்தில் என் கணினி 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்று ஓதும். அந்தச் செமிகோலன் மழையில் நனைந்தவனுக்குத்தான் யுனிகோடின் அருமை தெரியும். அரசு அலுவலகங்களில் இன்னும் பழைய எழுத்துருவில் சுற்றறிக்கை அடிப்பவர்கள் கொஞ்சம் தயவு பண்ணுங்கள். இனிமேல் அதெல்லாம் எனக்கும் வரும்.

நிறுத்தத்தின் பெயரைச் சத்தமாகச் சொன்ன கண்டக்டர்களுக்கும், மெஸ்ஸில் குழம்பு எந்தப் பக்கம், கூட்டு எந்தப் பக்கம் என்று சொல்லிப் பரிமாறிய ஆச்சிக்கும் நன்றி.

கடைசியாக, விடுதிக்கு கேசட் பதிந்து அனுப்பிய அக்கா. பெருமாள்புரத்தில் இருந்தீர்கள். பதினொன்றாம் வகுப்பு வரலாற்றை 90 நிமிட நாடாக்களில் வாசித்துத் தந்தீர்கள். பின்னணியில் குக்கர் விசில் வந்தால் "இரு தம்பி" என்று நாடாவிலேயே சொல்லிவிட்டு எழுந்து போவீர்கள். கல்யாணம் முடிந்து வெளியூர் போனதாகச் சொன்னார்கள், பழைய எண் வேலை செய்யவில்லை. இதைப் பார்த்தால் அக்கா, அல்லது உங்களைத் தெரிந்தவர் யாராவது பார்த்தால், பாளையங்கோட்டைப் பள்ளி அலுவலகத்தில் சொல்லி வையுங்கள், என் எண் அங்கே இருக்கிறது. வருகிற திங்கள்கிழமை பணியில் சேருகிறேன். பதினொன்றாம் வகுப்பு எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.