திருப்பூருக்குத் தேவை உள்ளூர்ச் செய்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியபோது, திருப்பூரைப் பற்றி வெளிவந்த செய்திகளில் பெரும்பாலானவை ஏற்றுமதித் தொகையைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆடை தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் கூடங்களிலும் செக்கிங், அயர்னிங் கூலியிலும் அந்த நெருக்கடி எப்படி இறங்கியது என்பதை அருகிலிருந்து எழுத உள்ளூர்ச் செய்தியாளரால்தான் முடியும். மாதத் தொடக்கத்தில் நூற்பாலைகள் அறிவிக்கும் நூல் விலையை மறுநாளே வெளியிடும் மாவட்டப் பக்கம், சிறு பனியன் உற்பத்தியாளர் தம் ஆர்டருக்கு விலை பேசுவதற்குப் பிடிமானமாகிறது.

அதே வேளையில், ஊரின் பெயர் கெடும் என்று (விளம்பரதாரரின் மனம் கோணும் என்றும் கொள்ளலாம்) சாயக்கழிவுச் செய்திகளை அடக்கி வாசிப்பது எவ்வகையிலும் உதவாது; நொய்யல் ஆற்றின் மாசுபாட்டின் காரணமாக 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை வெளியேற்றாத சுத்திகரிப்பு முறைக்கு மாறித்தான் இத்தொழில் மீண்டது.

சிறு தொழில் கடன் திட்டங்களையும் வேலைவாய்ப்புகளையும் விவரிக்கும் வாரப் பகுதி ஒன்றைத் தங்கள் திருப்பூர்ப் பதிப்பில் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், அவிநாசி